வாசகர் கேள்வி – பதில்: பிங்க் ஃப்ளாய்டை ஏன் இத்தனை நேசிக்கிறார்கள்?

சென்ற இதழில் வேறொரு கேள்விக்கு விடை எழுதும்போது, இங்கிலாந்தின் பிங்க் ஃப்ளாய்டு இசைக்குழுவைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குப் பல்லடம், ஈரோடு, பொள்ளாச்சி, கோபி, திருப்பூர் என்று நம் பக்கத்து ஊர்களிலிருந்தே இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆகவே இந்த முறை என் பக்கங்கள் முழுவதும் அந்தக் கடிதங்களுக்கே.

கேள்வி (பல்லடத்திலிருந்து ஒரு வாசகி): எங்கள் அப்பா முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக விசைத்தறி ஓட்டியவர். தறி நிற்கும் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில், கல்லூரியில் படித்த அவருடைய நண்பர் எப்போதோ பதிவு செய்து கொடுத்த ஒரு கேசட்டைத்தான் போட்டுக் கேட்பார். திடீரென்று கடிகாரங்கள் எல்லாம் சேர்ந்து அலறும். பிறகு வெகுநேரம் பாட்டே வராது. "எங்கப்பா பாட்டு?" என்று கேட்டால், "பொறு கண்ணு, இப்ப வரும் பாரு" என்பார். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. அப்படியிருந்தும் அவரைப் போன்றவர்கள் இந்தக் குழுவின்மீது இத்தனை பிரியம் வைத்திருப்பது ஏன்?

பதில்: நீங்கள் சொல்லும் அடையாளத்தை வைத்துப் பார்த்தால், அந்தக் கேசட்டில் இருப்பது 1973ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெளிவந்த 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' என்ற ஆல்பம். உங்கள் கேள்விக்கான விடையில் பாதியை உங்கள் அப்பாவே சொல்லிவிட்டார். 'பொறு, வரும்' என்று கேட்பவரிடம் சொல்லி, அவர் பொறுத்திருப்பார் என்று முழுமையாக நம்பி, அந்த நம்பிக்கையின்மேலேயே கட்டப்பட்ட இசை இது. தன்னை நம்பிய இசையைக் கேட்பவர் எளிதில் கைவிடுவதில்லை.

கடிகாரங்கள் அலறும் அந்தப் பாட்டின் பெயர் 'டைம்', அதாவது காலம். ஆல்பத்தைப் பதிவு செய்த ஒலிப்பொறியாளர் ஆலன் பார்சன்ஸ், பழங்காலக் கடிகாரங்கள் விற்கும் ஒரு கடைக்குச் சென்று, ஒவ்வொரு கடிகாரத்தின் ஓசையையும் தனித்தனியாகப் பதிந்து வைத்திருந்தார். நான்கு திசைகளிலிருந்தும் ஒலி வரும் புதிய முறையைச் செய்து காட்டுவதற்காக அவர் எடுத்த பதிவு அது. இந்தக் குழுவுக்காக எடுத்ததன்று. அதைக் கேட்ட குழுவினர் தங்கள் பாட்டின் வாசலில் கொண்டுவந்து வைத்தார்கள். மணிகள் அடங்கியதும், ரோஜர் வாட்டர்ஸ் தம் பாஸ் கிடாரின் தந்திகளை அமுக்கிப் பிடித்துத் தட்டுகிற ஓசை 'டிக், டிக்' என்று கடிகார முள்ளாகத் தொடர்கிறது. அதன் மேல் நிக் மேசன் சிறிய முரசுகளை இடைவெளி விட்டு விட்டு அடிக்கிறார். பாடும் குரல் வருவதற்கு இரண்டு நிமிடத்துக்கும் மேல் ஆகிறது. காலத்தைப் பற்றிய பாட்டைக் கேட்க வந்தவரை முதலில் காலம் கழிவதை உணரச் செய்கிறார்கள். குரல் வந்த பிறகு அது சொல்லும் செய்தியும் அதுவேதான்: இளமையில் நாளை வீணாக்கிக்கொண்டு, எப்போதோ வாழ்க்கை தொடங்கும் என்று காத்திருந்தவன், ஒருநாள் திரும்பிப் பார்த்தால் பத்து ஆண்டுகள் பின்னால் போயிருக்கின்றன. இந்த வரிகளை எழுதிய வாட்டர்ஸுக்கு, ஆல்பம் வெளிவந்தபோது வயது 29தான். இரண்டு ஷிஃப்டும் தறிக்குடோனில் நின்று பிள்ளைகளைப் படிக்கவைத்த ஒருவருக்கு அந்தச் சொற்கள் விளங்காமல் போகலாம். அந்த இரண்டு நிமிட ஓசை விளங்காமல் போகாது.

உங்கள் அப்பாவின் காதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பதினாறு தறி ஒரே நேரத்தில் ஓடும் குடோனில், எந்தத் தறியில் நூல் அறுந்தது என்பதைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே காதால் அறிகிறவர்கள் தறிக்காரர்கள். ஒரே சீராக ஓடும் ஓசைக்குள் நுண்ணிய மாற்றத்தைப் பிடிக்கப் பழகிய காது அது. பிங்க் ஃப்ளாய்டு தன் செய்தியில் பாதியை அப்படிப்பட்ட காதுக்குத்தான் அனுப்புகிறது. ஆல்பத்தின் தொடக்கத்தில், கேட்கிறதா இல்லையா என்ற அளவில் ஓர் இதயத் துடிப்பு எழுகிறது. கடைசிப் பாட்டு முடிந்த பிறகு அதே துடிப்பு மெல்ல அடங்குகிறது. அவசரக்காரர் இரண்டையும் தவறவிடுவார்.

நான் இதை முதன்முதலில் கேட்டது எண்பதுகளில், கோவையில் விடுதியில் தங்கிப் படித்த காலத்தில். காந்திபுரத்தில் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் காலி கேசட்டும் பட்டியலும் கொடுத்தால், நான்கு நாள் கழித்துப் பாட்டு ஏற்றிக் கொடுப்பார்கள். இந்த ஆல்பத்தின் நீளம் ஏறத்தாழ 43 நிமிடம். 90 நிமிடக் கேசட்டின் ஒரு பக்கம் 45 நிமிடம். ஆகவே முழு ஆல்பமும் ஒரே பக்கத்தில் அடங்கிவிட்டது. இசைத்தட்டில் கேட்டவர்கள் நடுவில் எழுந்துபோய்த் தட்டைத் திருப்பிப் போட வேண்டும். எங்களுக்கு அந்தத் தொல்லையும் இல்லை. விளக்கை அணைத்துவிட்டு, ஆறுபேர் தரையில் படுத்துக் கேட்டோம். ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்த பாட்டு அதன் தோளில் கை வைத்துவிடுவதால், எங்கே எது முடிந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. துடிப்பு அடங்கிய பிறகும் வெறும் டேப் ஓடும் ஓசை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. யாரும் எழுந்து நிறுத்தவில்லை.

இப்படி ஒன்றை முழுதாக உட்கார்ந்து கேட்பது நமக்குப் புதிதும் இல்லை. அண்ணன்மார் கதையை உடுக்கையடித்துப் பாடும்போது, பொன்னரும் சங்கரும் படுகளத்தில் விழப்போகிறார்கள் என்பது கூட்டத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் தெரியும். இருந்தும் இரவு இரவாக உட்கார்ந்து கேட்கிறார்கள். கதை எங்கே போய்ச் சேரும் என்று அறிவதற்காக அவர்கள் வருவதில்லை. அங்கே போய்ச் சேரும் வழி முழுவதையும் பாடகரோடு நடந்து கடப்பதற்காக வருகிறார்கள். படுகளத்தை மட்டும் தனியே வெட்டி எடுத்துப் பாடினால் யாருக்கும் அருள் வராது. பிங்க் ஃப்ளாய்டு கேட்பவர்கள் ஒரே ஆல்பத்தை முப்பது ஆண்டுகள் திரும்பத் திரும்பக் கேட்பதற்கும் காரணம் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். அமெரிக்காவின் பில்போர்டு விற்பனைப் பட்டியலில் அந்த ஆல்பம் 1973 முதல் 1988 வரை 741 வாரங்கள் இடம்பெற்றிருந்தது. ஒரு தலைமுறை கேட்டு முடிப்பதற்குள் அடுத்த தலைமுறை வாங்கத் தொடங்கிவிட்டது.

இனி மொழிக்கு வருகிறேன். ஆல்பத்தின் நடுவில், சொல்லே இல்லாத ஒரு பாட்டு இருக்கிறது. ரிச்சர்ட் ரைட் பியானோவில் அமைத்த அந்தப் பகுதிக்குக் குரல் கொடுக்க கிளேர் டோரி என்ற பாடகியை அழைத்து, சொற்கள் எதுவும் வேண்டாம், மரணத்தை நினைத்துக்கொண்டு பாடுங்கள் என்ற அளவில் மட்டும் சொன்னார்கள். அவர் தம் குரலை ஓர் இசைக்கருவியாகவே எண்ணிக்கொண்டு பாடினார்: முதலில் கதறல், பிறகு கெஞ்சல், கடைசியில் களைத்துப்போன ஒரு முனகல். அன்று அவருக்குக் கிடைத்த ஊதியம் 30 பவுண்டு. அந்தப் பாட்டின் ஆக்கத்தில் அவருக்கும் பங்குண்டு என்பது, அவர் வழக்குத் தொடுத்து 2005இல் சமரசம் ஏற்பட்ட பிறகே அதிகாரபூர்வமாக ஒப்புக்கொள்ளப்பட்டது. நம் ஊரில் எழவு வீட்டில் ஒப்பாரி வைக்கும் பெண்கள், இறந்தவரின் பெருமைகளையெல்லாம் சொல்லி முடித்து, இனிச் சொல்வதற்குச் சொல் இல்லை என்ற இடத்தில் வெறும் இழுப்பாகக் குரலை நீட்டுவார்களே, அந்த இடத்திலிருந்து தொடங்குகிற பாட்டு இது. உங்கள் அப்பாவுக்கு இதில் மொழிபெயர்ப்பு எதற்கு?

சொற்கள் புரிகிறவர்களுக்கும் இந்தக் குழு பெரிய தத்துவம் எதையும் சொல்வதில்லை. காலம், பணம், சாவு, மனம் பேதலித்துப்போவோமோ என்ற அச்சம்: ஆல்பம் முழுவதும் இவைதான். வாட்டர்ஸ் சில கேள்விகளை அட்டைகளில் எழுதிவைத்துக்கொண்டு, சாவுக்குப் பயப்படுகிறீர்களா, கடைசியாக எப்போது ஒருவரைக் கைநீட்டி அடித்தீர்கள் என்றெல்லாம், ஆல்பம் பதிவான லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோவில் இருந்தவர்களிடம் கேட்டு, விடைகளைப் பதிந்தார். அப்போது அங்கே இருந்த பீட்டில்ஸ் பாடகர் பால் மெக்கார்ட்னியிடமும் கேட்டார்கள். உலகப் புகழ்பெற்ற அவருடைய விடைகளை ஆல்பத்தில் சேர்க்கவில்லை. அந்த ஸ்டூடியோவின் வாயிற்காவலர் சொன்ன விடைகளைச் சேர்த்தார்கள். நிலவுக்கு இருண்ட பக்கம் என்று தனியாக ஒன்றும் இல்லை, எல்லாமே இருட்டுதான் என்று கடைசியில் ஒலிக்கும் குரல் அவருடையது. இந்தத் தேர்வை நினைக்கும்போதெல்லாம் அந்தக் குழுவின்மீது எனக்கு மரியாதை கூடுகிறது. வாசலில் நிற்பவரின் குரலுக்கு இடம் கொடுத்த இசையில், பல்லடத்துத் தறிக்காரர் தமக்கும் ஓர் இடத்தைக் கண்டுகொண்டதில் வியப்பில்லை.

கேள்வி (ஈரோட்டிலிருந்து, மிருதங்கம் பயிலும் மாணவர்): அதே ஆல்பத்தில் வரும் 'மனி' (பணம்) என்ற பாட்டுக்குத் தாளம் போட்டுப் பார்த்தேன். நான்கில் நிற்கவில்லை, ஏழில் நிற்கிறது. இது நம் மிச்ர சாபுதானா?

பதில்: உங்கள் கணக்கு சரி. பணத்தைப் பற்றிய அந்தப் பாட்டு ஏழு அடிச் சுற்றில்தான் நடக்கிறது. ஆனால் அதை மிச்ர சாபு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 'தகிட தகதிமி' என்று மூன்றும் நான்குமாகப் பிரிந்து, முதல் பகுதியில் எட்டிவைத்து இரண்டாம் பகுதியில் சற்றே தாங்கி நடக்கும் அந்த நடைதான் சாபுக்கு உயிர். இங்கே பாஸ் கிடார் ஏழு அடிகளையும் படிக்கட்டு ஏறி இறங்குவதுபோல ஒவ்வொன்றாக மிதித்துப் போகிறது. எண்ணிக்கை ஒன்று, நடை வேறு. உங்கள் ஆசிரியரிடம் இரண்டையும் அடுத்தடுத்து வாசித்துக் காட்டினால் அவர் இதை இன்னும் தெளிவாக விளக்குவார்.

அந்த ஏழு எப்படி உருவாயிற்று என்பது உங்களைப் போன்ற மாணவருக்குப் பிடித்தமான செய்தி. பாட்டின் தொடக்கத்தில் காசு குலுங்குகிறது, கல்லாப்பெட்டி மணியடித்துத் திறக்கிறது, காகிதம் கிழிகிறது. கணினி இல்லாத காலம் அது. வாட்டர்ஸ் தம் மனைவி மண்பாண்டம் செய்வதற்குக் களிமண் கலக்கும் பெரிய கிண்ணத்தில் காசுகளை வீசி அந்த ஓசையைப் பதிந்தார். மேசன் பழைய செப்புக்காசுகளில் துளையிட்டுக் கயிற்றில் கோத்துக் குலுக்கினார். பிறகு, ஒவ்வோர் ஓசையும் பதிந்த டேப்பை அடிக்கோல் வைத்து அளந்து, ஒரே நீளத் துண்டுகளாக வெட்டி, ஏழு துண்டுகளையும் ஒட்டி வளையமாக்கி ஓடவிட்டார்கள். விரலால் எண்ண வேண்டிய தாளத்தை அளவுகோலால் அளந்து வெட்டியிருக்கிறார்கள்!

சாக்ஸபோன் முடிந்து டேவிட் கில்மூரின் கிடார் தனியே எழும் இடத்தை மறுபடி கேளுங்கள். அங்கே தாளம் நான்குக்கு மாறிவிடுகிறது. ஏழில் நொண்டியபடி வந்த காது, நான்கு கிடைத்ததும் மேட்டுச் சாலையிலிருந்து சமவெளிக்கு இறங்கிய வண்டிபோல ஓடுகிறது. ஏன் என்று தெரியாமலே கேட்பவர்கள் அந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பாட்டு முடிவதற்குள் மறுபடி ஏழு வந்துவிடும்.

கேள்வி (பொள்ளாச்சி வாசகர்): என் நண்பர் ஒருவர் 'விஷ் யூ வேர் ஹியர்' கேட்கும்போதெல்லாம் கண்கலங்குகிறார். காரணம் கேட்டால், அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது என்று மட்டும் சொல்கிறார். அந்தக் கதை என்ன?

பதில்: 1965இல் லண்டனில் இந்தக் குழு தொடங்கியபோது, அதன் பாடல்களில் பெரும்பாலானவற்றை எழுதிப் பாடி, குழுவுக்குப் பெயரும் வைத்தவர் சிட் பாரெட். இரண்டு பழைய அமெரிக்க ப்ளூஸ் பாடகர்களின் பெயர்களிலிருந்து ஆளுக்கொரு சொல்லை எடுத்துக் கோத்த பெயர் அது. 1967இல் முதல் ஆல்பம் வந்து புகழ் பரவிய சில மாதங்களிலேயே அவருடைய மனநிலை குலையத் தொடங்கியது. மேடையில் கிடாரைப் பிடித்தபடி வாசிக்காமல் நின்றுவிடுவார். அவருடைய இளவயது நண்பரான கில்மூரை உதவிக்குச் சேர்த்துக்கொண்ட குழு, 1968இல் பாரெட் இல்லாமலே பயணத்தைத் தொடர்ந்தது. அப்போது அவருக்கு வயது 22.

ஏழு ஆண்டுகள் கழித்து, உலகப் புகழின் உச்சியில் இருந்த நால்வரும் அவரை நினைத்து ஒரு நெடும்பாட்டை உருவாக்கினார்கள். ஒன்பது பகுதிகள், ஏறத்தாழ 26 நிமிடம்; 'விஷ் யூ வேர் ஹியர்' ஆல்பத்தின் முதலிலும் கடைசியிலுமாகப் பிரித்து வைத்தார்கள். நாதஸ்வரக்காரர் கோயில் வீதியில் நள்ளிரவில் ஆலாபனையைத் தொடங்கும்போது, ராகம் இன்னதென்று முழுதும் காட்டாமல் ஒரு சுரத்திலேயே நின்று காற்றை நிரப்புவாரே, அதைப் போல ரைட்டின் சிந்தசைசர் எழுகிறது. பிறகு கில்மூரின் கிடாரில் நான்கே நான்கு சுரங்கள், பெரிய வெற்றிடத்தில் ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுக் காத்திருப்பதுபோல. பதில் வராததால் மறுபடி கூப்பிடுகிறது. பாடும் குரல் எட்டு நிமிடத்துக்குப் பிறகே வருகிறது.

1975 ஜூன் 5ஆம் தேதி, அந்தப் பாட்டின் வேலை ஆபி ரோட்டில் நடந்துகொண்டிருந்தபோது, தலையும் புருவமும் மழித்த, உடல் பருத்த ஒருவர் ஸ்டூடியோவுக்குள் வந்து நின்றார். யாரென்று அவர்களில் ஒருவருக்கும் உடனே தெரியவில்லை. வந்திருந்தவர் பாரெட்.

உங்கள் நண்பர் கண்கலங்கும் பாட்டு, 'நீ இங்கே இருந்திருக்கலாமே' என்று பொருள்படும் தலைப்பைக் கொண்டது. அதே ஆல்பத்தில் இருக்கிறது. தொடக்கத்தில், வானொலியில் நிலையம் மாற்றும் கரகரப்பு கேட்கும். அதற்குள்ளிருந்து மெலிந்த கிடார் ஒன்று ஒலிக்கும். பிறகு வானொலியைக் கேட்டுக்கொண்டிருக்கும் யாரோ ஒருவர் தம் அறையில் உட்கார்ந்தபடி கூடவே வாசிப்பதுபோல இன்னொரு கிடார் மிக அருகில் சேர்ந்துகொள்ளும். கூர்ந்து கேட்டால் வாசிப்பவர் இருமுவதும் கேட்கும். தூரத்தில் ஒருவர், அருகில் ஒருவர், இருவருக்கும் நடுவே காற்றலை மட்டும். வார்த்தை தொடங்குவதற்கு முன்பே பாட்டின் பொருள் முழுவதும் அங்கே வந்துவிடுகிறது.

பின்னாளில் குழுவினரிடையே கசப்பு முற்றி, வாட்டர்ஸ் 1985இல் விலகினார். 1981க்குப் பின் 24 ஆண்டுகள் கழித்து நால்வரும் ஒரே மேடையில் நின்றது 2005 ஜூலை 2 அன்று, லண்டன் ஹைட் பார்க்கில் ஏழை நாடுகளுக்காக நடந்த நிகழ்ச்சியில். அன்றும் இந்தப் பாட்டைப் பாரெட்டை நினைத்துப் பாடினார்கள். கேம்பிரிட்ஜில் ஓவியமும் தோட்டமுமாக ஒதுங்கி வாழ்ந்த அவர் 2006 ஜூலையில் மறைந்தார், ரைட் 2008இல். இனி நால்வராகக்கூட அவர்கள் சேர முடியாது. உங்கள் நண்பருக்கும் திரும்பி வராத யாரோ ஒருவர் இருக்கக்கூடும். அதைக் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டைக் கேளுங்கள்.

கேள்வி (கோபியிலிருந்து ஒரு வாசகர்): உண்மையைச் சொல்லுங்கள். இந்தக் குழுவின் பாட்டுகள் சலிப்பூட்டுவதில்லையா?

பதில்: சில சலிப்பூட்டத்தான் செய்கின்றன. பாரெட் போன பிறகு வழி தேடிக்கொண்டிருந்த காலத்தில், 1969இல் வந்த 'உம்மகும்மா' ஆல்பத்தின் ஸ்டூடியோ பகுதியை என்னால் இன்றும் முழுதாகக் கேட்க முடிவதில்லை. நீளமாக இருப்பதனாலேயே ஒன்று ஆழமாகிவிடாது. ஆனால் அதே காலத்தில் புரோகிரெசிவ் ராக் என்னும் நீண்ட, சிக்கலான ராக் இசையை வாசித்த யெஸ், கிங் கிரிம்சன் போன்ற குழுக்களோடு ஒப்பிட்டால், பிங்க் ஃப்ளாய்டு தன் விரல் வேகத்தைக் காட்ட முயன்றதே இல்லை. கில்மூர் ஒரு சுரத்தை வளைத்துப் பிடித்து, அது தானாக ஓயும்வரை விடுகிறார். பத்துச் சுரம் வாசிக்கக்கூடிய இடத்தில் இரண்டை மட்டும் வைக்கிறார். அந்த இடைவெளியில்தான் கேட்பவர் தம் நினைவுகளோடு வந்து உட்காருகிறார். அதைச் சலிப்பு என்று எண்ணுகிறவர்களும் உண்டு. நான் அவர்களோடு வாதிடமாட்டேன்.

கேள்வி (திருப்பூரிலிருந்து, பனியன் கம்பெனியில் கணக்கராக இருக்கும் வாசகி): எங்கிருந்து தொடங்கலாம்? செல்போனில் கேட்டால் போதுமா?

பதில்: 'டார்க் சைட்' ஆல்பத்திலிருந்தே தொடங்குங்கள். பிறகு 'விஷ் யூ வேர் ஹியர்'. மூன்றாவதாக, 1971இல் வந்த 'மெடில்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டான 'எக்கோஸ்'. 23 நிமிடத்துக்கும் மேல் ஓடும். ரைட்டின் பியானோவிலிருந்து ஒற்றைச் சுரத்தை எடுத்து, சுழலும் ஒலிபெருக்கி ஒன்றின் வழியாக அனுப்பிப் பதிந்தார்கள். நம் பக்கத்து ஆழக்கிணற்றில், மேலே நின்று கேட்கும்போது அடியில் ஒரு சொட்டு விழுமே, அந்த ஓசையாக அது பாட்டைத் தொடங்கிவைக்கிறது.

செல்போன் போதும், காதில் மாட்டும் ஹெட்ஃபோன் நல்லதாக இருக்கட்டும். ஏனெனில் காசும் கடிகாரமும் காலடி ஓசையும் இடக்காதுக்கும் வலக்காதுக்கும் இடையே நடமாடுகின்றன. பாட்டுகளைக் கலைத்துப்போடும் வசதியை அணைத்துவிட்டு, ஆல்பம் வந்த வரிசையிலேயே கேளுங்கள். கம்பெனி வேலைக்கு நடுவே வேண்டாம். வாரக் கணக்கு முடித்துச் சம்பளம் போட்ட சனிக்கிழமை இரவில், வீடு அடங்கிய பிறகு, 43 நிமிடம் ஒதுக்குங்கள். முதல் துடிப்பு மிக மெல்லத்தான் எழும். ஒலியைக் கூட்டிவிடாதீர்கள், சற்று நேரத்தில் அதுவே உயரும். கடைசியில் துடிப்பு அடங்கும்போதும் அதேபோலத் திரையைத் தொடாமல் இருங்கள்.